பாடம் நடத்தாமல் பரீட்சை வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் யாராவது இருந்தால் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரப் பெண் என் இலையைப் பார்த்தபடியே, "சித்தி, உங்களுக்கு இன்சுலின் ஏறிக்கிட்டே போச்சாமே? வாயைக் கட்டணும் சித்தி" என்றாள். என் இலையில் இருந்தது ஒரு கரண்டி சாதமும் கூட்டும். கேசரியைத் தொடவே இல்லை. சிரித்து வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இரவு தூக்கம் வரவில்லை. அவள் மேல் கோபம் இல்லை. இதே வாக்கியத்தை நான்கு வருடம் ஆஸ்பத்திரியிலேயே கேட்டவள் நான். அப்போது சொல்லாத பதிலை இன்று எழுதிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். பாடம் நடத்தாமல் ஒரு நாளும் பரீட்சை வைத்ததில்லை. ஒரு பையன் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனால், முதலில் அவன் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். நோட்டைப் பார்க்காமல் "நீ படிக்கலை" என்று சொல்கிற வாத்தியார் வாத்தியாரே இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நடப்பது அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரீட்சை. மார்க் குறைந்தால் திட்டு. எங்கள் நோட்டு எங்கள் வயிற்றில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு இன்சுலின் ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சீட்டில் காலை 14 யூனிட், இரவு 10 என்று எழுதினார்கள். எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்று ஒரு வார்த்தை இல்லை. மருந்துக் கடையில் இருந்தவன் என் பழைய மாணவன். "இப்படித் திருகணும் டீச்சர், இப்படி அமுக்கணும், அவ்வளவுதான்" என்று பேனாவைக் காட்டினான். என் இன்சுலின் படிப்பு அந்தக் கடை வாசலில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

தொப்புளுக்கு வலப்பக்கம் ஓரிடத்தில் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் அங்கே வலியே தெரியவில்லை. வலிக்காத இடம் நல்ல இடம் என்று நினைத்து அதிலேயே தொடர்ந்தேன். அது எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டது. வயசானால் தொப்பை போடும் என்று விட்டுவிட்டேன். புடவைக் கொசுவம் மறைத்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது?

இதற்கிடையில் சர்க்கரை இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "என்னம்மா சாப்பிடுறீங்க?" ஒவ்வொரு முறையும் இரண்டு, நான்கு யூனிட் ஏறும். நான்கு வருடத்தில் 24 யூனிட் 46 ஆனது. நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பேரன் பிறந்த நாளுக்கு வாயில் போட்ட அரை லட்டை நினைத்து மூன்று நாள் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் காய்ச்சலுக்கு ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். படுக்க வைத்து வயிற்றைத் தொட்ட நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "அம்மா, தினமும் இங்கயேவா ஊசி போடுறீங்க?" என்று கேட்டாள். நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "இனிமே இங்க போடாதீங்கம்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவளுக்கும் பாடத்தின் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அன்று இரவு தொடையில் போட்டேன். அதே 20 யூனிட். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் ரவிக்கை நனைந்து கிடக்கிறது. கை நடுங்குகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரை எழுப்ப வேண்டும், எப்படி எழுப்புவது என்றே தெரியவில்லை. நாக்கு புரளவில்லை. தம்ளரைத் தட்டிவிட்ட சத்தத்தில் அவரே எழுந்தார். மெஷினில் 48. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊட்டினார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, ஏறாததால் மறுபடி கொடுத்தார். அன்று அவர் ஊருக்குப் போயிருந்தால் இந்தப் பதிவு இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கினால் அங்கே கொழுப்பு திரண்டு தடிக்கும். டாக்டர்கள் லிப்போஹைப்பர்டிரோபி என்பார்கள். அதற்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. வயல் காய்கிறது. அடைப்பைப் பார்க்காமல் மதகை இன்னும் திற, இன்னும் திற என்கிறார்கள். ஒருநாள் அதே தண்ணீர் அடைப்பில்லாத வாய்க்காலில் பாய்ந்தால்? பயிர் மூழ்கும். நான் மூழ்கியது அப்படித்தான். தடிப்பை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதை டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும், சில நாள் அடிக்கடி சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இது எனக்கு மட்டும் வந்த அபூர்வ வியாதி இல்லை. ஸ்பெயினில் இன்சுலின் போடுகிற 430 பேரைச் சோதித்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குத் தடிப்பு இருந்தது. தடிப்பு உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்கியிருக்கிறது. இல்லாதவர்களில் 6 சதவீதம்தான். தடிப்பு வந்தவர்களில் 98 சதவீதம் பேர் இடம் மாற்றாதவர்கள், அல்லது தப்பாக மாற்றியவர்கள். அதாவது, கற்றுக்கொடுத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

"ஓ.பி.யில் நூறு பேர் நிற்கிறார்கள், டாக்டருக்கு நேரம் ஏது?" என்பீர்கள். என் வகுப்பிலும் அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். நோட்டுத் திருத்தாமல் விட்டேனா? டாக்டரே பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் விரலால் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்து, நான்கு வருடம் என் உடம்பில் மருந்தை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

"நோயாளிகளே காட்டுவதில்லையே" என்பது அடுத்த பதில். இதில் உண்மை இருக்கிறது. நானும் காட்டவில்லை. புடவையை விலக்கி வயிற்றைக் காட்டக் கூச்சம். கதவு சரியாக மூடாத அறை, வரிசையில் நிற்கிற ஆண்கள். என்னைப் போலத் துணிக்கு மேலேயே குத்திக்கொள்கிற பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒரு திரையும் ஒரு பெண் நர்ஸும் இருந்தால் இந்தக் கூச்சம் பாதி போய்விடும். கூச்சத்தை நோயாளியின் குற்றமாக எழுதாதீர்கள்.

மூன்றாவது, "ஒரே ஊசியைப் பத்து நாள் போடுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு. போடுகிறார்கள்தான். பழைய முனை மழுங்கும், வலிக்கும், ரத்தம் கட்டும், தடிப்பையும் கூட்டும். ஒரு முறைக்கு ஒன்றுதான் முறை. ஆனால் எங்கள் ஊர்க் கடையில் முனை ஒன்று பன்னிரண்டு ரூபாய். தினம் இரண்டு என்றால் மாதம் 720. என் பென்ஷனுக்கு அது முடியும். ஆட்டோ ஓட்டும் என் மாணவனுக்கு முடியவில்லை. அவனைத் திட்டுவதற்கு முன்னால் அவனுக்கு ஊசி கிடைக்க வழி செய்யுங்கள்.

கணக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு பலத்தில் வருகிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். 40 குப்பிக்கு ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்தான். முதல் தப்பு ஆளைச் சாய்க்கும். இரண்டாவது தப்புக்கு "வாயைக் கட்டு" என்ற திட்டு கிடைக்கும். இதைச் சொல்லாமல் கவரில் போட்டுக் கொடுப்பது மருந்து கொடுப்பதாகுமா?

எனக்கு யாரும் நடத்தாத பாடத்தை உங்களுக்கு நடத்திவிடுகிறேன்.

வயிறு, தொடை, புட்டம், மேல் கையின் பின்பக்கம் என்று இடம் மாற்றுங்கள். ஒரே பகுதிக்குள்ளும் முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். நான் காலண்டரில் குறித்து வைக்கிறேன். தொப்புளை ஒட்டியும் தழும்பிலும் தடிப்பிலும் வேண்டாம். பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் முனை பெரியவர்களுக்குப் போதும், குண்டாக இருந்தாலும். நேராகக் குத்தி, முழுக்க அமுக்கி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். இல்லையென்றால் மருந்து வெளியே கசியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு போட்டால் எரியும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். எப்போதாவது ஒரு நீலத் தழும்பு, ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். சிவந்து சூடாக வலித்தாலோ சீழ் வைத்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். வாரம் ஒரு நாள் குளிக்கும்போது விரல்களால் தடவிப் பாருங்கள். சில தடிப்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம் வந்தால் மூன்று ஸ்பூன், கால் மணி நேரத்தில் மறுபடி சோதனை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் போடுங்கள். வெறும் குப்பையில் போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளர் கையில்.

கேட்பது அதிகமில்லை. இன்சுலின் எழுதும் அன்றே போடச் சொல்லிக்கொடுங்கள். டோஸை ஏற்றுவதற்கு முன் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். "என்ன சாப்பிட்டீர்கள்" என்பதற்கு முன்னால் "எங்கே போடுகிறீர்கள்" என்று கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். இன்சுலின் போடும் வீட்டில் அந்தப் பெண்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வயிற்றையும் பார்த்துவிட்டு வரட்டும்.

என் கதை? அந்த எலுமிச்சம்பழம் ஒரு வருடமாக மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. இப்போது டாக்டர் பார்த்துக் குறைத்த அளவு மொத்தம் 30 யூனிட். சாப்பாடு அதே சாப்பாடுதான், மகளே. நான் அன்றைக்கும் வாயைக் கட்டித்தான் இருந்தேன்.

இன்று இரவு உங்கள் அம்மாவோ அப்பாவோ ஊசி எடுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "எங்கம்மா போடுறீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். அவ்வளவுதான்.