பரிசாய் வந்த பல்கலைக்கழகம்

எசுப்பானியாவின் வடகிழக்கே கட்டலோனியா நாடு. அதன் உட்பகுதியில், கோதுமையும் வாற்கோதுமையும் விளையும் சேகார்ரா மேட்டுநிலத்தில், செர்வேரா என்னும் சிறுநகர் ஒரு குன்றின் முதுகில் நீளக் கிடக்கிறது. பார்சிலோனாவிலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டியது. ஒடுங்கிய பெருந்தெரு, மரியன்னையின் பழங்கோயில், மதிலின் எச்சங்கள், நகர்மன்றக் கட்டடம் என, ஐரோப்பியச் சிறுநகர்கள் பலவற்றிலும் காணத்தக்கவையே அங்கும் உள்ளன. ஆனால் அவற்றினிடையே, ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பேருருவில், அரண்மனையை ஒத்த கட்டடம் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் கட்டலோனியா முழுமைக்கும் அதுவே ஒரே பல்கலைக்கழகம்!

இத்துணைச் சிறிய ஊருக்கு இத்துணைப் பெரிய கல்விக்கூடம் எவ்வாறு வாய்த்தது? தந்தவர் யார்? எதற்காகத் தந்தனர்? எங்கிருந்து பறித்து இங்கே தந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோர், ஓர் ஊரின் வரலாற்றை மட்டுமன்று, ஒரு மொழியின் வரலாற்றையே கண்டு திரும்புவர்.

செர்வேராவின் தொடக்கம் மிக எளியது. 1026ஆம் ஆண்டில் எர்மெசெந்தா என்னும் கோமகளும் அவள் மகன் பெரெங்கேர் இரமோனும் வழங்கிய பட்டயம் ஒன்று, அக்குன்றில் குடியேறிய உழவர் குடிகள் மூன்றினைக் குறிக்கிறது. மூன்றே குடிகள்! அந்நாளில் அது எல்லைப்புறம். மேற்கே இலெய்தா நகரம் 1149 வரை இசுலாமியர் ஆட்சியில் இருந்தது. ஒரு கையில் ஏரும் மறு கையில் படைக்கலமுமாக வாழ்ந்தோர் கட்டிய ஊர் அது. எல்லை மேற்கே நகர்ந்ததும் ஊரில் வணிகம் பெருகியது. 1182இல் வேந்தன் இசைவோடு ஊரார் தமக்குள் ஒரு கூட்டுறவை அமைத்துக் கொண்டனர். அதுவே பின்னர் 'பயேரியா' எனப்படும் நகர்மன்றமாய் வளர்ந்தது. தம் ஊரைத் தாமே ஆளும் பழக்கம் அம்மக்களுக்கு எண்ணூறு ஆண்டுப் பழமையுடையது.

வரலாற்றில் ஒளியோடு இருளும் உண்டு. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது, அச்சத்தால் அறிவிழந்த கூட்டம் செர்வேராவின் யூதர்களைத் தாக்கியது. அண்டை ஊர்களிலும் அக்கொடுமை நிகழ்ந்தது. தன் உரிமையைப் போற்றும் மக்கள் பிறர் உரிமையை மிதித்த செய்தியும் அவ்வூர்க் கணக்கில் எழுதப்பட்டே உள்ளது. அதை மறைப்பது வரலாறு ஆகாது.

அடுத்துப் பதினோராண்டு கழித்து, 1359இல், அச்சிறுநகர் ஒரு பெருநிகழ்ச்சிக்கு இடமாயிற்று. அரகோன் அரசுக்கும் காசுத்தீலத்துக்கும் கடும்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. போருக்குப் பொருள் வேண்டி வேந்தன் நாட்டுப் பேரவையைச் செர்வேராவில் கூட்டினான். பேரவை பொருள்தர இசைந்தது. ஆனால் அதைத் திரட்டும் பொறுப்பையும் கணக்குப் பார்க்கும் பொறுப்பையும் வேந்தனிடம் விடாமல், தானே தேர்ந்த பேராளர்களிடம் ஒப்படைத்தது. சிரோனா நகர ஆயர் பெரெங்கேர் தெ குரூயில்லெசு அவர்களுள் தலைமையாளர். அந்தப் பேராளர் குழுவே நாளடைவில் நிலைத்த ஆட்சியமைப்பாகி 'செனரலிதாத்து' எனப் பெயர் பெற்றது. இன்றும் கட்டலோனிய அரசு தன் முதல் தலைவராகக் குறிப்பது அந்த ஆயரைத்தான். வரிகொடுப்போன் கணக்குக் கேட்டான். கணக்குக் கேட்டதில் தன்னாட்சி பிறந்தது.

அதே ஊரில், 110 ஆண்டுகள் கழித்து, அத்தன்னாட்சிக்கு உலைவைக்கும் விதையும் ஊன்றப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை. 1469இல் அரகோன் இளவரசன் பெர்தினாந்துக்கும் காசுத்தீலத்தின் இசபெல்லாவுக்கும் உரிய மணவொப்பந்தம் செர்வேராவில் உருவாயிற்று. காசுத்தீலத்தின் சட்டத்தையும் வழக்கத்தையும் காப்பதாகவும், அந்நாட்டிலேயே வாழ்வதாகவும், அயலாரை அங்குப் பதவியில் அமர்த்துவதில்லை என்றும் பெர்தினாந்து அதில் உறுதி கூறினான். காசுத்தீலத்தார் தம் நாட்டுக்கு வேண்டிய காப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாய் எழுதி வாங்கிக் கொண்டனர். இரு முடிகளும் ஒரு மணத்தால் இணைந்தன. இரு நாடுகளின் சட்டங்களும் அவைகளும் இன்னும் தனித்தனியாகவே இருந்தன. எனினும் அரசவை காசுத்தீலத்தில் நிலைகொண்டது. வேந்தன் வாழுமிடத்து மொழி மெல்ல மெல்ல வேந்தர் மொழியாயிற்று.

ஆயினும் மக்கள் மொழிக்கு அப்போது தாழ்வு வந்துவிடவில்லை. 1534ஆம் ஆண்டளவில் குருமார் இருவர் கிறித்துவின் பாடுகளைக் கட்டலான் மொழியில் நாடகமாக்கினர். மரியன்னை கோயிலில் அது நடிக்கப்பெற்றது. நகர்மன்றத்தார் தம் நடவடிக்கைகளைக் கட்டலானில் எழுதினர். சந்தையிலும் வழக்கிலும் வழிபாட்டு உரையிலும் அம்மொழியே வழங்கியது.

இடி விழுந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1700இல் எசுப்பானிய வேந்தன் இரண்டாம் சார்லசு பிள்ளையின்றி இறந்தான். பிரெஞ்சுப் பூர்போன் குடியினனாகிய பிலிப்பும் ஆசுத்திரியக் குடியினனாகிய சார்லசும் அரியணைக்குப் போரிட்டனர். 1705இல் கட்டலோனியா ஆசுத்திரியன் பக்கம் சேர்ந்தது. செர்வேராவின் தலைமக்களோ பிலிப்பின்பால் பற்றுக் காட்டினர். 1714ஆம் ஆண்டு செப்தம்பர் 11ஆம் நாள் பார்சிலோனா வீழ்ந்தது. வென்ற பிலிப்பு 1716இல் 'புதுத்திட்டம்' என்னும் ஆணையை நடைமுறைப்படுத்தினான். நாட்டுப் பேரவை ஒழிந்தது. செனரலிதாத்து ஒழிந்தது. உயர்முறைமன்ற வழக்குகள் காசுத்தீலிய மொழியில் நடைபெறல் வேண்டும் என்பது சட்டமாயிற்று. அதே ஆண்டில் அரசின் ஊர்த்தலைமை அலுவலர்க்குக் கமுக்க அறிவுரையொன்றும் சென்றது. காசுத்தீலிய மொழியைப் புகுத்துக, புகுத்துவது வெளியில் தெரியாதபடி புகுத்துக என்பதே அதன் சாரம். வெளிப்படையாக வரும் படையைவிட ஓசையின்றி வரும் ஆணை கொடிது என்பதை அறிந்தோர் எழுதிய அறிவுரை அது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1717இல், செர்வேராவுக்குப் பரிசு வந்தது. கட்டலோனியாவுக்கு ஒரே பல்கலைக்கழகம். அது செர்வேராவிலேயே அமையும் என்று பிலிப்பு ஆணையிட்டான். அரகோன் அரசின் முதற்பல்கலைக்கழகமாய் 1300இல் தோன்றிய இலெய்தாப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. பார்சிலோனாப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. சிரோனா, தார்ரகோனா, விக்கு ஆகிய ஊர்களின் உயர்கல்விக்கும் அதே கதி. பெருநகரங்களின் விளக்குகளை அணைத்து, சிறுநகர் ஒன்றில் ஒரு விளக்கை ஏற்றினான். கற்க விரும்புவோர் அனைவரும் அவன் கண்காணிப்பில் உள்ள ஓரிடத்துக்கே வருதல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1718இல் தொடங்கிய கட்டடப் பணி பல்லாண்டு நீண்டது. இன்று நிற்கும் பேருரு அதுவே.

இங்கு நடுநிலை தவறாமல் சொல்லவேண்டியவை இரண்டு. முதலாவது, அப்பல்கலைக்கழகம் வெறும் கூடன்று. உரோமச் சட்டத்தில் துறைபோய யோசேப்பு பினெசுத்திரெசு (1688–1777) அங்கு ஆசிரியராய் விளங்கினார். அதன் தலைமைப் பொறுப்பை வகித்த இரமோன் இலாத்சர் தெ தோவு, 1810இல் கூடிய எசுப்பானியப் பேரவைக்கு முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாவது, பற்றுக்காட்டிய அவ்வூருக்கும் உரிமை மிஞ்சவில்லை. புதுத்திட்டத்தின்படி எல்லா ஊர்களிலும் பழைய நகர்மன்றங்கள் நீக்கப்பட்டு, அரசன் அமர்த்திய உறுப்பினர் வந்தனர். செர்வேராவும் அதற்கு விலக்கன்று. 1182 முதல் காத்துவந்த தன்னாட்சி ஒருபுறம் போயிற்று. மறுபுறம் ஒரு மாளிகை வந்தது. கைம்மாற்றில் யார்க்கு ஊதியம், யார்க்கு இழப்பு என்பதைக் கணக்கறிந்தோர் கூட்டிப் பார்க்கட்டும்.

1767இல் இயேசு சபையார் எசுப்பானியாவினின்று துரத்தப்பட்டனர். ஆசிரியருள் பலர் அச்சபையினராதலின் பல்கலைக்கழகம் தளர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், மூன்றாம் சார்லசின் ஆணை தொடக்கப் பள்ளியும் இலத்தீன் வகுப்பும் காசுத்தீலிய மொழியிலேயே நடக்கவேண்டுமென விதித்தது. முறைமன்றத்தில் நுழைந்த அயன்மொழி, ஐம்பது ஆண்டுகளில் குழந்தையின் பலகைக்கு வந்து சேர்ந்தது. 1827இல், கொடுங்கோலன் ஏழாம் பெர்தினாந்துக்குப் பல்கலைக்கழகத்தார் எழுதிய மடலில், ஆய்ந்து எண்ணும் தீய புதுமை தம்மைத் தீண்டாது என்று உறுதி கூறினர். எண்ணத்தை வளர்க்க எழுந்த கூடம், எண்ணாமையைத் தன் பெருமையாக்கிக் கொண்டது. அரசனின் அருளை நம்பி வாழும் கல்வி இறுதியில் சேருமிடம் அதுவே. 1842இல் பல்கலைக்கழகம் உறுதியாகப் பார்சிலோனாவுக்கே மீண்டது. பரிசாக வந்தது, தந்தோர் வழியினரின் ஆணையாலேயே பறிபோயிற்று. செர்வேராவிடம் மிஞ்சியது கல்லும் சுண்ணமும்.

இனி, அரசர் எண்ணாதது நிகழ்ந்தது. செர்வேராவில் பயின்றோருள் ஒருவர் மனுவேல் மிலா இ பொந்தானால்சு. 1859இல் பார்சிலோனாவில் 'மலர்ப் போட்டிகள்' என்னும் பழம்பாவரங்கு மீட்கப்பெற்றபோது, அதன் முதல் தலைவராய் அமர்ந்து கட்டலான் மொழியின் மறுமலர்ச்சிக்குக் கால்கோள் இட்டவர் அவர். நீர்மூழ்கிக் கலத்தை அமைத்த நார்சீசு மொந்துரியோலும் செர்வேராவில் பயின்றவரே. மொழியை அடக்க எழுப்பிய அமைப்பிலிருந்தே மொழியை எழுப்பியோர் வந்தனர். இதற்குப் பல்கலைக்கழகம் காரணமன்று. அம்மாணவர் வீட்டில் தாய் பேசிய மொழியும், தெருவில் வணிகர் கூவிய மொழியும் மாறவில்லை என்பதே காரணம்.

ஆனால் வீட்டுமொழி தானே நாட்டுமொழி ஆகிவிடாது. அதற்கு உழைத்தோர் உண்டு. 1907இல் கட்டலானிய ஆய்வுக் கழகம் தோன்றியது. 1913இல் எழுத்துநெறி வகுக்கப்பட்டது. பொறியாளராயிருந்து மொழியறிஞரான பொம்பேயு பாபுரா 1918இல் இலக்கணத்தையும் 1932இல் பேரகரமுதலியையும் ஆக்கித் தந்தார். இருநூறு ஆண்டு அடிமையில் புகுந்த காசுத்தீலியச் சொற்களைக் களைந்து, பழம்பனுவல்களிலும் உழவர் நாவிலும் உறைந்த சொற்களை மீட்டனர். அஞ்சல் தலைக்குக் காசுத்தீலியச் 'செல்லோ' போய்ச் 'செசெல்' வந்தது. அஞ்சற்பெட்டிக்குப் 'பூசோன்' போய்ப் 'பூசுத்தியா' வந்தது. அன்று நகைத்தோரின் பேரர் இன்று அச்சொற்களை இயல்பாய் வழங்குகின்றனர்.

1931இல் செனரலிதாத்து மீண்டெழுந்தது. 1938இல் வல்லாட்சியன் பிராங்கோ அதை ஒழித்தான். 1939 முதல் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஏடுகளிலிருந்தும் கட்டலான் துரத்தப்பட்டது. பாபுரா அயல்நாட்டில் 1948இல் மறைந்தார். அவ்விருளிலும் செர்வேரா ஒரு மகனைத் தந்தது. அவ்வூரில் 1887இல் பிறந்த அகுசுத்தி துரான் இ சான்பெரே, உள்நாட்டுப் போரின்போது தீக்கும் குண்டுக்கும் தப்புமாறு கட்டலோனியாவின் பழஞ்சுவடிகளைக் காத்தவர். தம் சொந்த ஊரின் ஆவணங்களையும் தொகுத்தார். 1972இல், பிராங்கோ உயிரோடிருந்தபோதே, செர்வேராவின் வரலாற்றை நூலாக்கித் தந்தார். அதுவும் கட்டலான் மொழியில்! ஊர் மறந்தால் நாடு மறக்கும் என்பதை உணர்ந்த அறிஞர் அவர்.

1977இல் செனரலிதாத்து மறுபடியும் நிறுவப்பட்டது. 1983இல் மொழிச் சட்டம் வந்தது. பள்ளிகளில் கட்டலான் பயிற்றுமொழியாயிற்று. பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் இடைநிலைப் பள்ளியும் ஆவணக் காப்பகமும் இடம்பெற்றன. வேந்தன் மொழிக்கென எழுந்த சுவர்களுக்குள் மக்கள் மொழியில் பாடம் கேட்டது.

இத்துடன் வெற்றி முழுமையாயிற்று என்று எண்ணின் அது பிழை. பள்ளிப் பாடங்களில் 25 விழுக்காடேனும் காசுத்தீலியத்தில் நடத்தவேண்டும் என்று 2020இல் கட்டலோனிய உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. அதனினும் கவலைக்குரிய செய்தி வேறொன்று. கட்டலோனியாவில் கட்டலானைத் தம் வழக்கமொழியாகக் கொண்டோர் 2003இல் 46 விழுக்காட்டினர். 2023இல் அவர்கள் 32.6 விழுக்காட்டினரே. வெளியிலிருந்து வந்து குடியேறியோர் பெருக்கம் ஒரு காரணம். அறிந்த மொழியையும் பேசாது, எதிரே நிற்பவன் வாய் திறக்குமுன்பே காசுத்தீலியத்துக்கு மாறிவிடும் பழக்கம் மற்றொரு காரணம். முன்னதைச் சட்டத்தாலும் கல்வியாலும் எதிர்கொள்ளலாம். பின்னதை எந்தச் சட்டம் தடுக்கும்?

செர்வேராவின் ஆயிரமாண்டு, மொழிகாக்க விழைவோர் எவர்க்கும் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. கணக்குக் கேட்கும் மக்களே தன்னாட்சி பெறுவர். மேலிருந்து வரும் பரிசு, பெறுவோனின் உரிமையையும் சேர்த்தே விலையாகக் கொள்ளும். ஆணையிட்டு அழிக்கமுடியாத மொழியை, அதன் மக்கள் வாய்மூடி அழித்துவிட முடியும்.

மூன்று உழவர் குடிகள் எல்லைப்புறக் குன்றில் நட்ட மொழி, வேந்தர் பலரையும் வல்லாட்சியரையும் கடந்து இன்றளவும் நிற்கிறது. இனி அது நிற்பதும் வீழ்வதும் அரசாணையின் கையில் இல்லை. சந்தையிலும் வீட்டிலும் முதற்சொல்லை எம்மொழியில் எடுப்பது என்று முடிவு செய்யும் ஒவ்வொருவர் நாவிலும் உள்ளது.