முல்லைத்தீவுக்கு ஒரு கதிரை

ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிப் பட்டியல் வெளிவந்த கையோடு ஒரு பேச்சும் கிளம்பிவிடும். சட்ட பீடத்துக்குக் கொழும்பு மாவட்டப் பிள்ளைக்கு வேண்டிய இசட் புள்ளி இவ்வளவு, கிளிநொச்சிப் பிள்ளைக்கு இவ்வளவுதானா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். பிறகு தீர்ப்பு: ஒரே வினாத்தாள், ஒரே நேரம், குறைந்த புள்ளி என்றால் குறைந்த திறமை, மற்றதெல்லாம் சாட்டு. தெற்கில் மட்டும் என்றில்லை, யாழ்ப்பாணத்து ரியூட்டரி வாசல்களிலும் இதைக் கேட்கலாம். வன்னிப் பிள்ளைகளே இதை நம்பித் தலை குனிவதுதான் பொறுக்கவில்லை.

இந்தப் புள்ளி வித்தியாசத்துக்குக் காரணமான மாவட்டக் 'கோட்டா'வை முதலில் எண்ணிப் பார்ப்போம். சட்டம் போன்ற ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கணக்குக்காக நாடு முழுவதும் சட்டத்துக்கு 400 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 55 வீதம் என்றால் 220. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம் பேர், முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். நூற்றுக்கு அரைகூட இல்லை. 220 இடத்தில் முல்லைத்தீவின் பங்கு ஒன்று! கிளிநொச்சி, வவுனியாவையும் சேர்த்தால் மூன்று மாவட்டத்துக்கும் நான்கு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 20 இடங்களை 16 மாவட்டங்களுக்கு அதே விகிதத்தில் பிரித்தால் முல்லைத்தீவுக்குக் கால் கதிரையும் தேறாது. கொழும்புப் பிள்ளையின் இடத்தை வன்னி பறிக்கிறது என்பவர்கள் ஒரு தடவையாவது இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்திருக்க வேண்டும். கொழும்பு, கம்பஹா, குருநாகல் போன்ற சனத்தொகை கூடிய மாவட்டங்களுக்கும் இதே 55 வீதத்துக்குள்தான் பங்கு. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

அடுத்தது, 'இசட் புள்ளி எல்லாவற்றையும் சமப்படுத்திவிடுகிறது, அதற்கு மேல் என்ன விளக்கம்' என்ற வாதம். இசட் புள்ளி சமப்படுத்துவது ஒன்றைத்தான்: பாடத்துக்குப் பாடம் உள்ள கடின வேறுபாட்டை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்து சராசரி எடுப்பார்கள். தமிழில் 62 எடுத்தீர்கள், சராசரி 50, நியம விலகல் 12 என்றால் உங்கள் இசட் 1. அளவையியலிலும் 62தான், ஆனால் அங்கே சராசரி 40, விலகல் 11 என்றால் இசட் 2. எண் ஒன்று, பெறுமதி இரண்டு. நல்ல ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஆசிரியர் இல்லாமல் போன தவணைக்கு இடமில்லை. துணுக்காயிலோ மாந்தை கிழக்கிலோ மாலை வகுப்பு முடிந்து யானைப் பயத்தோடு சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கும் இடமில்லை.

இசட் புள்ளியையே நீதிமன்றத்தில் ஏற்றி விளக்கம் கேட்டவர்கள் நாங்கள். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் போட்டது பிழை என்று 2012 இல் உயர் நீதிமன்றம் சொன்னது; புள்ளிகள் திரும்பக் கணிக்கப்பட்டன. மாணவர்களின் விடைத்தாளில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, இசட் மாறியது. சட்டம் படிக்கப் போகிறவர்களாவது இந்த வழக்கை நினைவில் வைத்திருக்கலாம்.

'ஒரே பரீட்சை' என்பதையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்தது. மே மாதம் போர் முடிந்தது. அந்த ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை வந்தபோது வன்னிப் பிள்ளைகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து அதை எழுதினார்கள். வினாத்தாள் ஒன்றுதான், மறுக்கவில்லை. அது பழைய கதை என்பார்கள். சரி, 2024 ஐ எடுங்கள். நவம்பரில் தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பரில் தொடர்ந்தது. நவம்பர் என்பது வன்னிக்கு வடகீழ்ப் பருவமழை, குளங்கள் வான் பாயும் காலம். அதே மாதத்தில் பரீட்சை வைத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே நிலை என்பது வானிலைக்கே பொருந்தாத பேச்சு.

இனி, தடவைக்குத் தடவை மாறும் புள்ளி. முதல் தடவை 0.7, மூன்றாம் தடவை 1.6 எடுத்த பிள்ளையைப் பார்த்து, உண்மைத் திறமை முதல் தடவையில் தெரிந்துவிட்டது, பிறகு ரியூசன் தள்ளிவிட்டது என்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்ற விதியே இடம் தருகிறது. அவற்றின் சராசரியை யாரும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் சட்டப் பள்ளி அனுமதிக்கு எல்சாட் என்றொரு பரீட்சை உண்டு. பல தடவை எழுதியவரின் அதிகூடிய புள்ளியையே கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டலாம் என்று 2006 இல் அங்குள்ள சட்டத்தரணிகள் சங்கம் மாற்றிக்கொண்டது. தடவைகளுக்கிடையில் பெரிய இடைவெளி இருந்தால் காரணத்தைத் தனித் தாளில் எழுதி இணைக்கவும் அங்கே வழி உண்டு. எங்கள் அனுமதி விண்ணப்பத்தில் அப்படியொரு பெட்டி கிடையாது. பிள்ளையின் காரணத்தை யாரும் கேட்பதில்லை. மாவட்டம் முழுவதற்குமாக அரசு ஒரேயடியாக எழுதிவைத்த விளக்கம்தான் கோட்டா.

கோட்டாவிலும் ஓட்டை இருக்கிறது. வவுனியா நகரில் எல்லா ரியூட்டரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பிள்ளைக்கும் நெடுங்கேணிக்கு அப்பால் உள்ள பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. வசதியான பாடசாலையிலிருந்து பின்தங்கிய மாவட்டத்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டு பரீட்சை எழுத வருகிறவர்களும் இருக்கிறார்கள். விமர்சகர்கள் இதைச் சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன். மாவட்டத்துக்குப் பதில் கல்வி வலயம், பாடசாலை என்று இறங்கிப் பார்க்கலாம். அது கோட்டாவைத் தூக்கு என்பதற்கான வாதமல்ல.

'உள்ளே வந்தாலும் திணறுவார்கள்' என்பது கடைசி அம்பு. திணறல் உண்டு, ஆங்கிலத்தில். சட்ட பீடங்களில் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தமிழில் பதின்மூன்று வருடம் படித்த பிள்ளைக்கு முதலாம் வருடம் கஷ்டம்தான். அம்பாந்தோட்டையிலிருந்து சிங்களத்தில் படித்து வந்த பிள்ளைக்கும் அதே கஷ்டம். இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தது; 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் வன்னிக்காரர் மட்டுமா?

எங்கள் அனுமதி விண்ணப்பத்தில் இடமில்லாவிட்டாலும், புலமைப்பரிசிலுக்கோ வெளிநாட்டுச் சட்டப் பள்ளிக்கோ விண்ணப்பிக்கும்போது விளக்கம் எழுத இடம் கிடைத்தால், வெட்கப்படாமல் எழுத வேண்டும். முறைப்பாடு எழுதுவது போலச் சுருக்கமாக: எந்த வருடம், எந்த மாதம், என்ன நடந்தது, அதனால் எந்தப் பாடம் விழுந்தது, அடுத்த தடவை என்ன மாறியது. வரலாற்றுப் பிரசங்கம் வேண்டாம். 'போரினால் பாதிக்கப்பட்டோம்' என்ற ஒற்றை வரியை வாசிக்கிறவர் கடந்துபோய்விடுவார். 'உயர்தரத்தின் முதல் வருடம் முழுக்க எங்கள் பாடசாலையில் அளவையியலுக்கு ஆசிரியர் இல்லை, அதிபரின் கடிதம் இணைப்பு' என்றால் நின்று வாசிப்பார். அதிபரிடம் அந்தக் கடிதத்தைப் பெறுபேறு வருமுன்னரே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் வந்துவிட்டால் புதியவருக்கு உங்களைத் தெரியாது.