முகப்புப் பக்கம் வெறும் அலங்காரமா?

பேரா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. சட்டி பானைகளோடு சில பழைய தமிழ் நூல்களும் வந்தன. கதைப் புத்தகங்கள், கோயில் திருவிழா மலர்கள், தோட்டப் பள்ளி ஆண்டு மலர்கள் அவற்றுள் அடங்கும். முதல் தாள் கிழிந்துபோனவையும் அவற்றில் உண்டு. ஒரு தாள்தானே என்று தோன்றலாம். ஆனால், ஒரு நூல் இழக்கக்கூடாத தாள் அதுதான்.

முற்காலத்தில் நூலுக்கு முகப்புப் பக்கமே இல்லை. ஓலைச்சுவடியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் இருந்தால், அவை பெரும்பாலும் இறுதியில்தான் இருக்கும். ஐரோப்பாவின் தொடக்ககால அச்சு நூல்களும் அவ்வாறே. அக்காலத்தில் நூல்கள் பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே விற்கப்பட்டன. வாங்கியவர்தாம் அட்டை கட்டிக்கொள்வார். மேலே உள்ள தாள் அழுக்காகும் என்பதால் அதை வெறுமையாக விட்டனர். பிறகு அதில் நூலின் பெயரை அச்சிட்டனர். 16-ஆம் நூற்றாண்டில் அதுவே வாங்குவோரை ஈர்க்கும் விளம்பரமாயிற்று. பாசல் நகர அச்சகத்தார் யோகான் ஃபுரோபனுக்கு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன், சேலைக்குக் கரைபோல, முகப்பின் நாற்புறமும் சூழும் ஓவியங்களை வரைந்து கொடுத்தார். அச்சுக்கட்டை செதுக்குவது பெரிய வேலை. ஆகவே, ஒரே ஓவியக் கரை பல நூல்களுக்குப் பயன்பட்டது. சமய நூலின் முகப்பில் பழைய ரோமானியக் கதை மாந்தர் நிற்பதும் உண்டு! கரை எதுவாயினும் நடுவில் நூலின் பெயருக்கு இடமிருந்தது. அச்சிட்ட இடமும் ஆண்டும் நாளடைவில் அங்கேயே வந்து சேர்ந்தன.

அந்த விவரங்களின் மதிப்பைத் தமிழ் நன்கு அறியும். இந்திய எழுத்தில் அச்சாகி இன்றுவரை கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழமையானது ‘தம்பிரான் வணக்கம்’. 16 பக்கங்களே கொண்ட அந்நூல், 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டதாகத் தன்னுள்ளேயே குறிப்பிடுகிறது. அக்குறிப்பு இல்லையெனில், தமிழின் அப்பெருமையை நிலைநாட்டுவது எளிதாக இருந்திராது.

இன்றைய மாணவர்களின் திரட்டேடுகளில் ஓவியக் கரைக்குக் குறைவில்லை. பூக்களும் மினுமினுப்பும் நிறைந்திருக்கும். தயாரித்த ஆண்டைத்தான் தேட வேண்டியிருக்கும். பழைய நூல்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பகிர்வோரும் கதை தொடங்கும் பக்கத்திலிருந்தே எடுக்கின்றனர். முகப்பை விட்டுவிடுகின்றனர். இது சிறிய பிழையன்று. ஒரு தோட்டப் பள்ளி மலர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதை முகப்பே தெளிவாகச் சொல்லும். வீட்டிலுள்ள பழைய நூலைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடும் முன்பு, அந்த ஒரு பக்கத்தையாவது படமெடுத்து வைக்கலாம். தோட்டமே இல்லாமற்போன பின்பு, அதன் பெயர் தமிழில் அச்சாகி எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தத் தாளாகவும் இருக்கக்கூடும்.