அடிமாட்டு விலை

போன வாரம் டவுன்ல ஒரு கடையில என் கேனான் 1100டி கேமராவைக் காட்டினேன். 2011ல வந்த மாடல். "12 மெகாபிக்சல்தானே! லென்ஸோட சேத்து ரெண்டாயிரம்"னார். அவர் அலமாரியில அதே மாடல் ஒன்பதாயிரம்னு சீட்டோட இருக்கு! மாடு வாங்கறவன்கூட பல்லைப் பிடிச்சுப் பாப்பான். இவர் ஷட்டரை ஒரு தட்டு தட்டிப் பாக்கலை.

நகரத்து நண்பர்களே, நீங்க ரசிச்ச நாத்து நடவுப் படமெல்லாம் இதுல எடுத்ததுதான். யாராவது மெகாபிக்சல் கேட்டீங்களா? 14 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டாலும் தெளிவா இருக்கும். சென்சார் செல்போன்ல இருக்கறதை விடப் பல மடங்கு பெருசு. உச்சி வெயில்ல செல்போன் திரை கண்ணுக்கே தெரியாது. இதுல கண்ணை வச்சுப் பாத்தா வரப்பு நண்டுகூடத் தெரியும்.

குறை இல்லாம இல்லை. இருட்டுல படம் புள்ளி விழும், வீடியோ சுமார்தான். அதுக்காக அடிமாட்டு விலையா?

விலை குறைஞ்சது வாங்கறவங்களுக்குத்தான் லாபம். லென்ஸ்ல பூஞ்சை இல்லாமப் பாத்து வாங்கி, பிள்ளைங்களுக்குக் கத்துக்கக் கொடுங்க. விக்கறவங்க கடையில தள்ளாம, தெரிஞ்ச பிள்ளைகிட்ட நேரா நியாய விலைக்குக் கொடுங்க.

நான் விக்கலை. உழைக்கிற மாட்டை யாராவது அடிமாட்டுக்கு அனுப்புவாங்களா?