வளையமும் வலயமும்

'வளையம்' என்பது வடமொழி 'வலய' என்பதன் திரிபு எனக் கூறிவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழிந்தபாடில்லை. இரு மொழிகளில் ஒத்த சொல் காணப்படின், கடன்பட்டது தமிழாகவே இருத்தல் வேண்டும் என்னும் முற்கோள் ஆராய்ச்சியாகாது. அஃது ஆராய்ச்சிக்கு இடும் பூட்டாகும்.

திரிபென்போர் காட்டும் சான்று யாது? 'தால' என்பது தாளமும் 'மங்கல' என்பது மங்களமும் ஆனமை போல, 'வலய' என்பதும் வளையமாயிற்று என்பர். லகரம் ளகரமாதல் உண்மையே. ஆயின், தாளத்துக்கும் மங்களத்துக்கும் தமிழில் வழக்கிலுள்ள வினையடி காட்டுதல் அரிது. வளையத்துக்கோ அது கண்முன் நிற்கின்றது.

கற்பிட்டியை அடுத்த உச்சமுனைக் கரையை நினைத்துப் பாருங்கள். அகராதியைத் திறவாத மீனவனும் கம்பு வளைகிறது என்பான். கம்பியை வளை என்பான். வளை, வளைவு, வளையல், வளையம் யாவும் அவ்வோர் அடியிற் கிளைத்தவை. ஆட்டம், ஓட்டம் என்பவற்றில் வரும் 'அம்' விகுதியே வளையத்திலும் வந்தது. சங்கிற்கும் வளையென்று பெயர். சங்கினை அறுத்துக் கையணி செய்யும் தொழிலை அகநானூற்றின் 24ஆம் பாட்டுச் சுட்டுகின்றது. மலையாளத்து 'வள'வும் கன்னடத்துப் 'பளெ'யும் கையணியே. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகத் தொகுத்துள்ளது.

'வடமொழியிலும் சுழலுதற் பொருளில் "வல்" என்னும் அடி உண்டே' என்று வினவலாம். உண்டு. 'வலய' அவ்வடியிற் பிறந்ததா, திராவிடத்தினின்று சென்றதா என்பது வேறு வழக்கு. அது எவ்வாறு தீரினும், வளையம் கடன்சொல் என்பது பெறப்படாது.

மறுபுறத்தே, 'வலயம்' என்னும் சொல்லையே விலக்குக என்பாரும் உளர். அதுவும் மிகையே. இலங்கையில் 'கல்வி வலயம்' என நாள்தோறும் எழுதுகின்றோம், எழுதுவோம். அயற்சொல்லை அயற்சொல்லென ஏற்றுக்கொள்வதில் இழிவில்லை.

இஃது ஒரு சொல்லைப் பற்றிய பூசலன்று. கரையோரத்திலிருந்து வரும் மாணவன், தன் வீட்டார் நாவில் வழங்கும் சொல் வழுவுற்ற திரிபு என்று கற்பிக்கப்படுகின்றான். அவ்வீட்டு வழக்கே தலையாய சான்று என்பது அவனுக்குக் கூறப்படுவதில்லை. பேச்சுவழக்கைக் கேளாது ஏட்டை மட்டும் புரட்டும் சொல்லாராய்ச்சி, கடலைக் காணாது மீன் எண்ணுவதாகும். உரிய சொல்லைக் கடனென எழுதிக்கொடுத்தலே இழிவு; அதனை இனியேனும் நிறுத்துவோமாக.