பொரித்த எண்ணெயில் உழவு யந்திரம் ஓடுமா?

கடை பூட்டும் வேளையில் தாச்சியில் எஞ்சிக் கிடக்கும் எண்ணெய் எங்கே போகின்றது? வடையும் றோல்சும் மிக்சரும் பொரித்துப் பொரித்துக் கறுத்துத் தடித்துப்போன அந்த எண்ணெயைப் பற்றி நம்மில் எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஒரு பங்கு வாய்க்காலிற் கொட்டப்படுகின்றது. பெரிய கடை கழித்ததைச் சிறிய கடை விலைபேசி வாங்கி, மீண்டும் அடுப்பேற்றுவதும் உண்டு. ஈற்றில் அது பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் வயிற்றையே சென்றடைகின்றது.

இஃது ஒருபுறமிருக்க, எரிபொருளுக்காக நமது கமக்காரர் பட்ட பாட்டை மறந்துவிட முடியுமா? 2022 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்னரே பாடம் படித்தவர்கள் நாம். 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடக்கே எரிபொருள் வருவது தடுக்கப்பட்டபோது, கார்புரேட்டருக்குள் ஓரிரு துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியோட்டியவர்கள் அன்றோ நாம்! சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் அன்றோ நாம்!

ஆதலால், கழிவு எண்ணெயைச் சுத்திகரித்து டீசல் யந்திரங்களில் எரிக்கலாம் என்ற பேச்சு எழும்போது நம்மவர் செவி நிமிர்வது இயல்பே. ஆயின், செவி நிமிர்ந்த வேகத்திலேயே எண்ணெயை வேட்டித்துணியால் வடித்துத் தாங்கியில் ஊற்றிவிடுவதுதான் ஆபத்து. அவ்வாறு ஊற்றிய கமக்காரர் ஒருவரை நாமறிவோம். ஒரு போகம் யந்திரம் ஓடியது. மறுபோகத்தில் நொசில் அடைத்து, பிஸ்டன் றிங்குகள் கரியில் ஒட்டி, யந்திரம் பட்டறைக்குப் போயிற்று. டீசலில் மிச்சம்பிடித்த பணத்தைப்போற் பன்மடங்கு அங்கே செலவாயிற்று. வாங்கிய கடன் தீருமுன்னரே யந்திரம் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? இதனை மனத்திற்கொண்டே இவ்விடயத்தை எழுதத் துணிந்தோம்.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது புதுமையன்று. 1900 ஆம் ஆண்டு பாரிசு மாநகரக் கண்காட்சியிலே சிறிய டீசல் எஞ்சினொன்று கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த றுடோல்ஃப் டீசலே பின்னாளில் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பசிபிக் சமுத்திரத்திலுள்ள பூகன்வில் தீவு. 1990 ஆம் ஆண்டில் பப்புவா நியூகினி அரசாங்கம் அத்தீவை முற்றுகையிட்டு, மருந்தும் எரிபொருளும் செல்லாது தடுத்தபோது, அத்தீவு மக்கள் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி வடித்து வாகனம் ஓட்டினர். நாம் மண்ணெண்ணெயில் ஓடிய அதே காலத்தில், நம்மைப்போலவே முற்றுகைக்குள் அகப்பட்ட இன்னொரு சிறு மக்கட்கூட்டம் தேங்காயில் ஓடியது.

ஆனால் அவர்கள் எரித்தது புத்தெண்ணெய். தாச்சியிலிருந்து வருவதோ வேறொரு பொருள். அதிலே மாத்துகள், கருகிய பொடி, உப்பு, உணவிலிருந்து இறங்கிய நீர் ஆகிய யாவும் கலந்துள்ளன. கண்ணுக்குத் தெரியும் துகளைத் துணி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாததே யந்திரத்தைக் கொல்லும். எரிபொருட் பம்பியிலும் நொசிலிலும் ஒன்றோடொன்று உராயும் உருக்குப் பாகங்களிடையேயுள்ள இடைவெளி சில மைக்குரோன்களே. ஒரு மைக்குரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு.

பீப்பாயில் ஊற்றி மண்டியை அடைய விட்டால் என்ன என்று கேட்பாருளர். நியாயமான கேள்வி. ஐந்து மைக்குரோன் பருமனுள்ள மாத்துகளொன்று, நமது வெப்பநிலையில் உள்ள எண்ணெயில் ஒரு நாளைக்குக் கீழிறங்கும் தூரம் ஏறக்குறைய ஒரு சதமமீற்றர். முழுப் பீப்பாயும் தெளிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். பொறுமையுள்ளவர் பொறுக்கலாம், பொறுத்தபின் மேலெண்ணெயை அசையாமல் எடுப்பது நல்ல முறையே. பெருமளவு எண்ணெயை விரைந்து தெளிவிக்க வேண்டுமாயின் மையநீக்க யந்திரமே வழி.

பாலிலிருந்து ஆடையைப் பிரிக்க 1878 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து குஸ்தாவ் டி லாவால் இயற்றிய யந்திரத்தின் வழிவந்ததே இதுவும். கடலோடும் கப்பல்களில் எரிபொருளைச் சுத்திகரிப்பதும் இந்த இனத்து யந்திரமே. அமைப்பு எளிது. அலுமினியக் கிண்ணமொன்று மோட்டாரினாற் சுழற்றப்படும். சூடாக்கிய எண்ணெய் அதன் நடுவே மெல்லிய தாரையாக விழும். பாரமான துகளும் நீரும் கிண்ணத்தின் சுவரை நோக்கி எறியப்பட, தெளிந்த எண்ணெய் உள்விளிம்பின் வழியே வழிந்து வெளியேறும். பத்துச் சதமமீற்றர் ஆரையுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், அதனுள்ளே பொருள்களின் பாரம் ஏறக்குறைய 1000 மடங்காகும். 6000 முறை சுழன்றால் இரண்டாயிரம் மடங்கன்று, 4000 மடங்காகும். வேகம் இரட்டித்தால் விசை நான்மடங்காகும் என்பது இதன் விதி. இதனுடன் எண்ணெயை 70 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அதன் தடிப்புக் குறைந்து துகள் இன்னும் விரைவாக விலகும். பீப்பாயில் மாதக்கணக்கிற் படிந்த அதே துகள், கிண்ணத்திலே இரண்டு சதமமீற்றர் எண்ணெய்ப் படலத்தைக் கால் நிமிடத்துக்குள் கடந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் ஆசை குறுக்கே வருகின்றது. துகளின் பருமன் ஐந்திலொன்றாகக் குறைந்தால் அதற்கு வேண்டிய நேரம் இருபத்தைந்து மடங்காகும். கால் நிமிடத்திற் போகும் ஐந்து மைக்குரோன் துகளுக்குப் பதிலாக ஒரு மைக்குரோன் துகளையும் பிடிக்க வேண்டுமாயின், எண்ணெய் கிண்ணத்தினுள்ளே ஐந்தாறு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு லீற்றர் கொள்ளும் கிண்ணத்தில் மணிக்கு நாற்பது லீற்றரை விடுபவன், அந்த எண்ணெய்க்கு ஒன்றரை நிமிடமே கொடுக்கிறான். குழாயின் வாயைத் திருகிக் குறைத்து, மணிக்குப் பத்து லீற்றருடன் திருப்தியடைபவனே சுத்தமான எண்ணெயைக் காண்பான். சந்தையில் விற்கும் யந்திரங்களின் விளம்பரங்கள் மணிக்கு இத்தனை லீற்றர் என்று மட்டும் பெருமை பேசுமாயின், எத்தனை மைக்குரோனுக்கு என்று கேட்டுவிட்டே பணப்பையைத் திறக்க வேண்டும்.

நீரின் கதை வேறு. கிண்ணம் பிடித்துவைக்கும் நீருக்கு ஓர் எல்லையுண்டு. அது நிரம்பியபின் வரும் நீர் எண்ணெயோடு வழிந்தோடும். ஆகவே சூடாக்கி ஓய்வில் விட்டு, அடியிற் தேங்கும் நீரை முன்னரே திறந்துவிடல் அவசியம். சுத்திகரித்தபின் சோதிப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. காய்ந்த தாச்சியை நன்கு சூடேற்றி ஒரு கரண்டி எண்ணெயை விட்டுப் பார்த்தாற் போதும். குமிழியிட்டுப் பொரிந்தால் நீர் எஞ்சியிருக்கிறது. நமது தாய்மார் எவருக்கும் இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை.

மையநீக்க யந்திரத்தால் ஆகாதவையும் உள. பலமுறை பொரித்த எண்ணெயிற் தோன்றும் கொழுப்பமிலம் எண்ணெயோடு கரைந்தே நிற்பது. எத்தனை ஆயிரம் மடங்கு விசையும் அதனைப் பிரிக்காது. அது பம்பியின் உலோகத்தை அரிக்கும். அமிலம் எவ்வளவென அறிய, எரிசோடாக் கரைசலும் பினோல்தலீனும் போதும். கிராமப் பாடசாலையின் இரசாயன ஆசிரியர் அரைமணி நேரத்திற் பார்த்துச் சொல்லக்கூடிய காரியம் இது. அமிலம் மிகுந்த எண்ணெயை யந்திரத்துக்கு விடாது சவர்க்காரத்துக்கு அனுப்புவதே தகும்.

அடுத்தது உறையும் குணம். நமது கடைகளிற் புழங்குவன பெரும்பாலும் தேங்காயெண்ணெயும் பாம் எண்ணெயும். இவை சூரியகாந்தி எண்ணெயைப்போல் எளிதிற் பிசினாக மாறுவதில்லை என்பது நமக்குள்ள வாய்ப்பு. ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறைவது. மார்கழிப் பனியில் போத்தலோடு உறைந்ததை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குப் பூசியவர்கள், அதே எண்ணெய் எரிபொருட் குழாய்க்குள் உறைந்தால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்வார்கள். நுவரெலியாவிலுள்ள நம் உறவினருக்கு இந்த யோசனையைச் சொல்லவே வேண்டாம்.

இனி எந்த யந்திரத்துக்கு இது பொருந்தும் என்பது. இதனைத் தெளிவாகச் சொல்லாது விட்டால் நாம் எழுதியதே தீங்காகிவிடும். வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் நீரிறைக்கும் மண்ணெண்ணெய்ப் பம்பிக்கு இது உதவாது. அது தீப்பொறியால் எரியும் எஞ்சின். தாவர எண்ணெய் அதனுள்ளே ஆவியாகாது. புதிய மாதிரி வான்களிலும் ஜீப்புகளிலும் உள்ள, மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் மின்னியற் கட்டுப்பாட்டு எஞ்சின்களுக்கும் ஆகாது. பொருந்துவன பழைய மாதிரி லொறிகள், நாலுசில்லு உழவு யந்திரங்கள், அரிசி ஆலைகளில் மெதுவாக ஓடும் டீசல் எஞ்சின்கள் ஆகியனவே. அவற்றிலும் நேரே ஊற்றுதல் கூடாது. சூடேறாத தாவர எண்ணெயின் தடிப்பு டீசலைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. தடித்த எண்ணெய் புகாராகச் சிதறாது துளியாக விழும், துளி முழுதும் எரியாது, எரியாதது கரியாகும். எனவே இரு தாங்கிகள் வேண்டும். டீசலிலே எஞ்சினைத் தொடக்கி, எஞ்சினின் சுடுநீரால் எண்ணெய்த் தாங்கி 70 பாகைக்குச் சூடேறியபின் மாற்றி, நிறுத்துவதற்குச் சிலநிமிடம் முன்னர் மீண்டும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவிவிட வேண்டும். லான்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசில்லு யந்திரங்கள் பலவற்றில் சுடுநீரைக் குழாய்வழி எடுக்க வசதியில்லை. அவற்றில் டீசலோடு சிறு பங்காகக் கலப்பதே இயலும். அப்போதும் கரி படியவே செய்யும். மசகெண்ணெயை வழமையிலும் விரைந்து மாற்ற வேண்டும். இந்தச் செலவையும் கணக்கிலிட்ட பின்னரே இலாபம் பேசலாம்.

இத்துணை நுணுக்கமுள்ள வேலையை ஒவ்வொரு கமக்காரரும் தத்தம் கொட்டிலிற் செய்ய முற்படுவதை நாம் ஆதரிக்கவில்லை. கிண்ணம் 6000 முறை சுழலும்போது அதிலுள்ள ஒரு லீற்றர் எண்ணெய் சுவரை அழுத்தும் பாரம் மூன்று தொன்னுக்கு மேல். சமநிலை தவறி வார்த்த கிண்ணம் வெடித்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். சாரத்தின் தொங்கலோ சால்வையோ அதிற் சிக்கினாலும் அதே கதிதான். தடித்த உருக்குக் கவசமும், முற்றாக நின்றபின்னரே மூடியைத் திறக்கும் ஒழுங்கும் இன்றி இதனைத் தொடலாகாது.

ஆகவேதான் நாம் கூட்டுறவுச் சங்கங்களை நோக்கிக் கேட்கிறோம். பிரதேசத்துக்கு ஒரு யந்திரம், அதனை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், நாள்தோறும் கடைகளுக்குச் சென்று எண்ணெயை அளந்து பணங்கொடுத்து வாங்கும் ஒரு வண்டி. நல்ல விலை கிடைக்குமாயின் எந்தக் கடைக்காரர் அதனை வாய்க்காலிற் கொட்டுவார்? தெருவோரத் தாச்சிக்கு அது திரும்பிப் போவதைத் தடுக்கவும் இதைவிடச் சிறந்த வழியில்லை. அறிவுரையால் மட்டும் அது நிற்கப்போவதில்லை. அயலிலே இந்தியா 2018 யூலை முதலாந் தேதி முதல் பொரிக்கும் எண்ணெயின் பழுதுக்கு 25 சதவீதம் என்று எல்லை வகுத்து, எல்லை கடந்த எண்ணெயை எரிபொருளாக்கும் திட்டத்தையும் அதே ஆண்டில் தொடக்கிவைத்தது. சமையலறைக்கும் எரிபொருட் தாங்கிக்கும் ஒரே சட்டத்தால் பாலம் போட்ட அச்செயல் கவனிக்கத்தக்கது.

அரசாங்கம் செய்யவேண்டியது பெரிதன்று. இத்தகைய எண்ணெயை எரிப்போன் வரி ஏய்ப்பவனா, இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தாற் போதும். பிரித்தானியாவில் 2002 ஆம் ஆண்டு, வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில், வரி செலுத்தாது சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களைப் பொலிசார் வீதியில் மறித்துப் பிடித்தனர். புகையில் எழுந்த பொரியல் வாசனையே அவர்களைக் காட்டிக்கொடுத்ததாம்! ஐந்தாண்டுகளின் பின், 2007 இல், ஆண்டுக்கு 2500 லீற்றர் வரை தயாரிப்போருக்கு எரிபொருள் வரி இல்லையென அதே நாடு விதிசெய்தது. நம்மவர் அந்த ஐந்தாண்டு அலைச்சலை அனுபவித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை.

நாட்டிலுள்ள தாச்சிகள் அனைத்தையும் கவிழ்த்தாலும் நமது லொறிகள் முழுவதுக்கும் எண்ணெய் போதாது. மீண்டும் வரிசை நீளும் நாளில் ஒரு கிராமத்தின் உழவு தடைப்படாமலிருக்கவும், அரிசி ஆலையின் சில்லு நிற்காமலிருக்கவும் அது உதவக்கூடும். அதற்கு மேல் வாக்களிப்பவரை நம்பவேண்டாம். எண்ணெய் போதவில்லையென்று புத்தெண்ணெயை வாங்கி எரிப்பதையும் நாம் எதிர்க்கிறோம். தேங்காய் விலையில் திணறும் சமையலறையோடு உழவு யந்திரம் போட்டியிடலாகாது.

கிண்ணத்தின் சுவரில் ஒட்டும் சேற்றைப் பற்றியும் ஒரு சொல். அதனைச் சுரண்டிக் கிணற்றடியிற் புதைத்துவிடும் எண்ணம் எவருக்கும் வரலாகாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரை அடையும் யாழ்ப்பாண மண்ணில், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்காகி, 2019 ஏப்ரில் மாதம் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்ததை நாம் கண்டோம். அங்கே கலந்தது மின்னிலையத்து எண்ணெய், இங்கே வடைச்சட்டி எண்ணெய் என்று கிணறு பேதம் பார்க்காது. சேற்றை வைக்கோலோடும் சாணத்தோடும் சிறிது சிறிதாகக் கலந்து, சீமெந்துத் தொட்டியில் மக்கவைக்க ஒழுங்கு செய்யாத சங்கத்துக்கு யந்திரம் வழங்கப்படவே கூடாது என்று பிரதேச சபைகள் நிபந்தனை விதிக்கட்டும். பொதுச் சுகாதார பரிசோதகர் மாதம் ஒருமுறை அந்தத் தொட்டியையும் எட்டிப்பார்க்கட்டும்.