தங்கை புருஷன் தயவா?

சிபாரிசில் வேலைக்கு வந்தவர் என்று ஒரு தரம் பெயர் எடுத்துவிட்டால், அது லேசில் போகாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், "எல்லாம் தங்கை புருஷன் தயவு!" என்றுதான் ஊர் சொல்லும். பெர்டினாண்ட் டௌச்சிக்கின் கதையைக் கேளுங்கள்.

1910-ல், இன்று ஸ்லோவாகியாவாக இருக்கும் பகுதியில் பிறந்தவர். பிராக் நகரத்து ஸ்லாவியா கோஷ்டியில் கால்பந்து ஆடினார். 1938 உலகக் கோப்பைப் பந்தயங்களில் செக்கோஸ்லோவாகியாவுக்காக இறங்கினார். பிறகு பிராட்டிஸ்லாவாவில் பயிற்சியாளரானார். அங்கே ஆட வந்த லாஸ்லோ குபாலா என்ற வாலிபர், இவருடைய தங்கை அன்னாவை மணந்துகொண்டார்.

கம்யூனிஸ்டுகளின் கைக்கு ஆட்சி போயிற்று. 1949-ல் குபாலா ஹங்கேரியிலிருந்து தப்பி இத்தாலிக்குப் போனார். அன்னாவும் கைக்குழந்தையும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். நாடிழந்த ஆட்டக்காரர்கள் அங்கே 'ஹங்காரியா' என்று ஒரு கோஷ்டி அமைத்தார்கள். பயிற்சியாளர் டௌச்சிக்தான்.

1950-ல் அவர்கள் ஸ்பெயினுக்குப் போய் ஆடினார்கள். குபாலாவைப் பார்த்த பார்சிலோனா கழகம் அவரை விடுவதாயில்லை. மைத்துனரைப் பயிற்சியாளராக்கினால்தான் வருவேன் என்று குபாலா நிபந்தனை போட்டார். அண்ணாவுக்கும் வேலை கிடைத்ததில் அன்னாவுக்கு எத்தனை நிம்மதியாக இருந்திருக்கும்!

1951 முதல் 1953 வரை மூன்று வருஷமும் ஸ்பெயின் கோப்பை பார்சிலோனாவுக்கே. 1952, 1953 இரண்டிலும் லீக் பட்டம் வேறு. குபாலா காசநோயால் மாதக்கணக்கில் ஆடாதிருந்த பருவத்திலும் பட்டம் கைவிட்டுப் போகவில்லை. ஆனாலும், "குபாலா இருக்கிறார், ஜெயிக்கிறார்கள். இவர் எதற்கு?" என்று கேட்பது சுலபந்தானே?

1954-ல் டௌச்சிக் பில்பாவோ நகரத்து அத்லெடிக் கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு வினோத வழக்கம். பாஸ்க் பிரதேசத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் ஆட முடியாது. தங்கை புருஷனை அழைத்து வர வழியே இல்லை!

1955-ல் கோப்பையை வென்றார். 1956-ல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். 1957 ஜனவரியில், பனியில் நனைந்த மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியை அவர் பிள்ளைகள் 5-3 என்று வீழ்த்தினார்கள். மான்செஸ்டரில் நடந்த மறு பந்தயத்தில் தோற்று வெளியேறியது வேறு விஷயம். 1966-ல் சரகோசா கழகத்துக்கும் ஸ்பெயின் கோப்பையை வாங்கித் தந்தார். இறுதிப் பந்தயத்தில் தோற்றது யார் தெரியுமா? அதே பில்பாவோதான்!

டௌச்சிக் 1986-ல் காலமானார். சிபாரிசு வாசற்படி வரைதான் கூட வரும், சகோதரிகளே. உள்ளே நுழைந்த பிறகு அவரவர் கைவேலைதான் பேச வேண்டும்.